மூன்று அஜேயா, நாலு சரத்: மேஜைப் போருக்கு 1/72 அளவில் கட்டிய வண்டிகள்

மேஜை மேல் குட்டி மாடல்களை நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் மேஜைப் போர் விளையாட்டுக்கு வண்டி கட்டுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது, அந்த வண்டியை எங்கிருந்து பார்ப்பார்கள், எந்த இடத்தில் பிடித்துத் தூக்குவார்கள் என்பதைத்தான். அலமாரிக்குக் கட்டும் மாடல் அசையாமல் நிற்கும், அதை மூக்கு உரசுகிற தூரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். விளையாட்டு வண்டியை நின்றுகொண்டு மேலேயிருந்து, இரண்டு மூன்று அடி தள்ளிப் பார்க்கிறோம், ஆட்டம் முழுக்க ஆளாளுக்கு எடுத்து வைக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் மேலே சுழலும் பீரங்கிக் கூண்டான டரட்டையோ பீரங்கிக் குழாயையோ பிடித்துத்தான் தூக்குகிறார்கள். அதனால் என் உழைப்பு முழுவதையும் மேல்பரப்பிலும் கைபடும் இடங்களிலும் போட்டேன். அடிப்பக்கம் வெறும் தட்டையான அட்டை. அங்கே எதுவும் செய்யவில்லை, செய்யத் தேவையும் இல்லை.

கட்டியது இந்திய ராணுவத்தின் ஒரு சிறு பிரிவு: மூன்று டி-72 அஜேயா டாங்க், வீரர்களை ஏற்றிப் போகும் கவச வண்டியான பி.எம்.பி-2 சரத் நாலு. நம் டாங்க் படையில் ஒரு ட்ரூப் என்றால் 3 டாங்க், ஆகவே அந்த எண்ணிக்கை சரி. அஜேயா சென்னைக்குப் பக்கத்தில் ஆவடி தொழிற்சாலையில் கட்டப்பட்டது, சரத் தெலங்கானாவின் மேடக்கில். இரண்டும் ரஷ்ய வடிவமைப்புதான் என்றாலும் இங்கே கட்டி, இங்கே மாற்றங்கள் செய்து, பல பத்தாண்டுகளாக ஓடுகிற வண்டிகள். அவற்றை நம் ஊர் வாய்க்கால் வரப்பு மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. நான் இருப்பது கும்பகோணம், ஆட்டம் நடப்பது தஞ்சாவூரில் நண்பர் வீட்டு மாடியில்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 1/72 அளவில் ஒரு சிப்பாய் 24 மில்லிமீட்டர் உயரம் வருவார். சரத் நிஜத்தில் 6.735 மீட்டர் நீளம், 3.15 மீட்டர் அகலம், 2.45 மீட்டர் உயரம். 72ஆல் வகுத்தால் 93.5, 43.75, 34 மி.மீ. அஜேயாவின் உடல் நீளம் 6.95 மீட்டர், அதாவது 96.5 மி.மீ., கிட்டத்தட்ட சரத் அளவுதான். ஆனால் அகலம் 50 மி.மீ.க்கு ஒட்டி வருகிறது, உயரமோ 31தான். டாங்க் என்றால் உயரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அளவை எங்கோ மாற்றிப் போட்டுவிட்டதாகச் சொல்வார்கள். அஜேயாவில் குண்டு நிரப்ப ஆள் கிடையாது, டரட்டுக்கு அடியில் சுழலும் தட்டிலிருந்து இயந்திரமே எடுத்து நிரப்புகிறது, உள்ளே ஒருவர் நின்று வேலை செய்யும் உயரம் வேண்டியதில்லை, அதனால்தான் டாங்க் அவ்வளவு பதுங்கி இருக்கிறது. இந்த உயர வித்தியாசம் மேஜையில் பளிச்சென்று தெரியும், அதில் ஒரு மில்லிமீட்டர்கூட ஏமாற்றக் கூடாது.

அஜேயாவுக்கு ரெவெல் கம்பெனியின் டி-72 எம்1 பிளாஸ்டிக் கிட்டை (ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய பெட்டி) எடுத்துக்கொண்டேன். ஆவடியில் கட்டியது எம்1 வகையை ஒட்டித்தான், ஆகவே உடலில் வெட்டி ஒட்ட ஒன்றும் இல்லை. மாற்ற வேண்டியது கவசம். பின்னால் மேம்படுத்தப்பட்ட அஜேயாக்களில் டரட்டின் முன்பக்கத்திலும் முன்சாய்வுத் தகட்டிலும் ஈ.ஆர்.ஏ. எனும் வெடிக்கும் கவசப் பெட்டிகள் வரிசையாகப் பொருத்தியிருப்பார்கள். இவை புனேயில் உள்ள ராணுவ வெடிபொருள் ஆய்வகமான ஹெச்.இ.எம்.ஆர்.எல். உருவாக்கியவை. இரண்டு தகடுகளுக்கு நடுவே வெடிபொருள். ராக்கெட் குண்டு வந்து மோதி உலோகத் தாரை பாய்ச்சும்போது இது வெடித்துத் தகடுகளை வீசி அந்தத் தாரையைக் கலைத்துவிடும். குடியரசு தின அணிவகுப்புப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து வரிசைகளை எண்ணிக்கொண்டேன்.

பெட்டிகளுக்கு நல்ல பொருள் காலாவதியான ஏ.டி.எம். கார்டு. எல்லாக் கார்டும் 0.76 மி.மீ. கனம், ஒரே சீர். எஃகு ஸ்கேலை வைத்துக் கட்டரால் குறுக்கும் நெடுக்கும் பாதி ஆழம் கீறி, மடக்கினால் பொடிப்பொடிச் செவ்வகங்களாக உடையும். ஓரங்களை உப்புத்தாளில் ஒரு இழுப்பு. கார்டின் எழுத்து, படம் இருக்கும் பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் பிடிக்காது. டரட் உருண்டையானது என்பதால் வரிசை மேலும் கீழும் அலையும். அதற்கு, ஒரு மரக்கட்டை மேல் பென்சிலைப் படுக்க வைத்து ரப்பர் பேண்ட் போட்டு, பென்சிலை அசைக்காமல் டரட்டைச் சுழற்றினால் சுற்றிலும் ஒரே மட்டத்தில் கோடு விழும். குழாய்க்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து இரண்டு புறமும் வெளியே போக வேண்டும், மிச்சம் வருகிற அரை இடைவெளி பக்கவாட்டில் போய் ஒளிந்துகொள்ளும். குழாயின் வலப்புறம் இருக்கும் அகச்சிவப்பு விளக்கு, முன்தகட்டில் உள்ள முகப்பு விளக்குகள், நடுவில் ஓட்டுநர் பார்க்கும் இடம், இவை மூன்றையும் மூடிவிடாமல் விட்டுப் போங்கள். ஓட்டுநர் வெளியே பார்க்க முடியாத டாங்கை எந்த ராணுவமும் கட்டாது.

குழாய் விஷயம்தான் எனக்கு முக்கியம். கிட்டில் வருகிற பிளாஸ்டிக் குழாய் ஆட்டத்தில் தாங்காது. சைக்கிள் கடையில் ஸ்போக்ஸ் கம்பி வாங்கிக்கொண்டேன், 2 மி.மீ. கனம், எஃகு. டரட்டில் துளை போட்டு ஆழமாகச் செருகி உள்ளேயும் எம்-சீல் அடைத்துவிட்டேன். 125 மி.மீ. பீரங்கியின் மேல் வெப்ப உறை இருக்கும், அதற்கு அலுமினியம் ஃபாயில் டேப்பை இரண்டு சுற்று, உறையைக் கட்டும் பட்டிகளுக்குத் தையல் நூல், நடுவில் புடைத்திருக்கும் புகை வாங்கிக்கு அதே டேப்பில் இன்னும் சில சுற்று. குழாய் உடலின் முனையைத் தாண்டி கிட்டத்தட்ட 36 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இதைக் குறைத்தால் டி-72இன் முகமே போய்விடும். குழாய் வாயில் துளை போடவில்லை, ஒரு கறுப்புப் புள்ளிதான். மேலேயிருந்து பார்க்கிறவருக்கு அது போதும். இப்போது டாங்கைக் குழாயைப் பிடித்தே தூக்கலாம், நான் அப்படித் தூக்கிக் காட்டித்தான் நண்பர்களிடம் கொடுத்தேன்.

பின்பக்கத்தில் சேற்றில் சிக்கினால் வெளியே வர ஒரு மரக்கட்டை கட்டியிருப்பார்கள். அதற்கு வேப்பங்குச்சி. நிழலில் காயவைத்த மெல்லிய குச்சியின் பட்டைக்கு இந்த அளவில் அப்படியே மரத்தின் சொரசொரப்பு இருக்கிறது, செதுக்கவே வேண்டாம்.

இனி சரத். இதற்கு நான் கிட் வாங்கவில்லை, உடலை முழுக்க சன்போர்டு எனும் நுரைப் பிளாஸ்டிக் பலகையில் கட்டினேன். ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடைகளில் வெட்டியது போகத் துண்டுகள் மூலையில் கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். 3 மி.மீ. சன்போர்டு கட்டரில் வெண்ணெயாக அறுபடும், ஃபெவிகுயிக்கில் உடனே ஒட்டும். ஆனால் அறுத்த விளிம்பில் நுரைத்துளைகள் தெரியும், அங்கே ஃபெவிகாலும் டால்கம் பவுடரும் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்தால் தகடு மாதிரி ஆகிவிடும்.

பி.எம்.பி. வகையை அடையாளம் காட்டுவது முன்மூக்கு. நீளமாகச் சரிந்து கூராக முடியும், அந்தச் சரிவின் மேல் வரிவரியாக மேடுகள் இருக்கும். மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் மெல்லிய செப்புக் கம்பியை இழுத்து நேராக்கித் துண்டு போட்டு வரிசையாக ஒட்டினேன். என்ஜின் முன்னால் வலப்புறம், ஓட்டுநர் முன்னால் இடப்புறம், ஆகவே வலப்புறத்தில் காற்றுச் சல்லடை, இடப்புறத்தில் மூடி. பின்னால் வீரர்கள் உட்காரும் இடத்தின் கூரையில் இரண்டு கதவுகள். பி.எம்.பி-1இல் நாலு இருக்கும், பழைய படத்தைப் பார்த்து நாலு வெட்டிவிடாதீர்கள். பின்சுவரில் தடித்த இரட்டைக் கதவு. அந்தக் கதவுகளுக்குள்ளேயே எரிபொருள் தொட்டியும் இருக்கிறது, அந்தக் கனம் அதனால்தான். என்ஜின் முன்னால் என்பதால், டிராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) இழுக்கும் பல்சக்கரமும் முன்னால், அஜேயாவில் அது பின்பக்கம். மேஜையில் பக்கவாட்டில் தெரியும் விஷயம் இது.

சக்கரத்துக்கு எதையெதையோ யோசித்து, கடைசியில் தையல்கடைக்குப் போனேன். "காலர் பட்டன் நாலு டஜன் குடுங்கண்ணே" என்றதும் "எத்தனை சட்டை தம்பி தைக்கிறீங்க?" என்று கேட்டார். ஒரு சரத்துக்குப் பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. நாலு வண்டிக்குச் சரியாக நாலு டஜன். காலர் பட்டன் கிட்டத்தட்ட அளவுக்கு ஒத்து வருகிறது, விளிம்பு தூக்கி நடு பள்ளமாக இருப்பதால் சக்கர வடிவம் தானாகவே கிடைத்துவிடும். நாலு துளையையும் எம்-சீலால் அடைத்து, நடுவில் ஒரு சின்ன உருண்டை வைத்தால் முடிந்தது. டிராக்குக்கு 3டி பிரின்டரில் ஓடும், பல் வைத்த ஜி.டி.2 பெல்ட். பல் இடைவெளி 2 மி.மீ., 72ஆல் பெருக்கினால் 14 சென்டிமீட்டர், டிராக் கண்ணி ஒன்றுக்கு நம்பும்படியான அளவு. பல்லை வெளிப்பக்கம் திருப்பி, அகலத்தைக் குறுக்கி ஒட்ட வேண்டும். மேலே ஓடும் பாதி, சரத்தின் அகலமான மட்கார்டுக்குள் மறைந்துவிடுவதால் அங்கே பெல்ட்டே போடவில்லை.

டரட்டை மட்டும் ஒன்று ஒழுங்காகச் செய்து, சிலிக்கான் அச்சு எடுத்து, நாலாக வார்த்துக்கொண்டேன். தட்டையான கூம்பு, இடப்புறம் கன்னர், வலப்புறம் கமாண்டர், நடுவில் கான்கர்ஸ் ஏவுகணைக் குழாய், பக்கத்துக்கு மூன்று புகைக்குண்டுக் குழாய்கள். இந்த இடத்தில் காவிரிக் கரை ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. வார்ப்புக்கு எல்லோரும் பரிந்துரைக்கிற போலியுரேத்தேன் ரெசினை ஐப்பசி கார்த்திகையில் திறக்காதீர்கள். அதில் ஒரு பாகத்தில் உள்ள ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும், வார்ப்பு நுரைத்துக்கொண்டு மேலே வரும். அடைமழைக் காலத்தில் நம் வீட்டுக் காற்றிலேயே அதற்குத் தேவையான ஈரம் இருக்கிறது. எபாக்ஸி ரெசினுக்கு அந்தத் தொல்லை இல்லை, இறுக ஒரு ராத்திரி ஆகும், அவ்வளவுதான். நான் எபாக்ஸிதான் ஊற்றினேன். சுவாமிமலையில் சிலை வார்க்கிறவர்கள் மெழுகு உருவத்தின் மேல் பூசுவதற்குக் காவிரியின் வண்டல் மண்ணைத்தான் எடுக்கிறார்கள், அவ்வளவு நைசான மண். அங்கேயும் அச்சு முழுசாகக் காயாமல் உலோகம் ஊற்றமாட்டார்கள். ஈரத்தைப் பற்றி இந்த மண்ணில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலைதான் போல.

சரத்தின் பீரங்கிக் குழாய்க்கு 20 கேஜ் ஊசி, வெளிவிட்டம் 0.9 மி.மீ., முனையை அரத்தில் தேய்த்து மழுக்கியது. 30 மி.மீ. பீரங்கிக்கு ரொம்பச் சரி. சரத்தின் குழாய் 74 டிகிரி வரை மேலே தூக்கும், மலை உச்சியையும் ஹெலிகாப்டரையும் சுடுவதற்காக. அதனால் நாலில் ஒன்றை மட்டும் நன்றாகத் தூக்கி வைத்து ஒட்டினேன், மாடிக் கட்டடங்கள் இருக்கும் ஆட்டத்துக்கு அதுதான் முன்னால் போகும்.

வண்டி வெறுமையாக இருந்தால் பொம்மை மாதிரிதான் தெரியும். மேலே மூட்டை, படுக்கை, பெட்டி, வலை எல்லாம் ஏற்ற வேண்டும். நான் இதற்கு நெட்டியை எடுத்தேன். தஞ்சாவூரில் பெரிய கோயில் உருவங்கள் செய்வார்களே, அதே நெட்டி. குளம் குட்டைகளில் வளரும் செடியின் தண்டுக்குள் இருக்கும் வெள்ளைச் சோறு, தக்கையைவிட மென்மை, எடையே இல்லை. நெட்டி வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் உடைந்த துண்டுகள் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். "அழுத்தி அறுக்காதீங்க தம்பி, நசுங்கிடும். கத்தியை இழுத்து இழுத்து அறுங்க" என்றார். புது பிளேடு, நீளமான இழுப்பு, அப்போது வெட்டு முகம் கண்ணாடியாக வருகிறது. சதுரமாக அறுத்தால் வெடிமருந்துப் பெட்டி, விரலிடுக்கில் லேசாக உருட்டினால் படுக்கைச் சுருள், நூலால் இறுக்கிக் கட்டினால் கட்டிய இடம் உள்வாங்கி நிஜ மூட்டையாகவே தெரியும். ஃபெவிகுயிக் போடாதீர்கள், நெட்டி அதை உறிஞ்சிக்கொண்டு கல்லாகிவிடும். ஃபெவிகால்தான். பெயின்ட் அடிப்பதற்கு முன் தண்ணீரில் கரைத்த ஃபெவிகாலை ஒரு கோட் கொடுத்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் பெயின்டையும் குடித்துவிடும்.

உருமறைப்பு வலைக்கு மருந்துக்கடை காஸ் துணி, அதன்மேல் காய்ந்த தேயிலைத் தூள். தூளை நல்ல வெயிலில் காயவைத்து, ஒட்டிய பிறகு வார்னிஷால் மூடியே ஆக வேண்டும். நம் பக்கத்து ஈரத்தில் தேயிலையும் ஃபெவிகாலும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து.

பெயின்டிலும் ஈரம்தான் பெரிய பிரச்சினை. மழைநாளில் ஸ்பிரே பிரைமர் அடித்தால் கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து வெள்ளையாகப் புகை பிடித்துவிடும். மேட் வார்னிஷும் அப்படித்தான். டெல்டாவில் ஸ்பிரே வேலையை மாசி பங்குனிக்கு ஒதுக்குங்கள், அதுவும் காலை பத்து மணிக்கு மேல். மற்ற மாதங்களில் பிரஷ்தான். ஃபெவிக்ரில் அக்ரிலிக்கில் ஆலிவ் பச்சை கலந்து இரண்டு மெல்லிய கோட், அதன்மேல் மணல் நிறத்தில் பெரிய பட்டைகள். பட்டைகளைச் சின்னதாகப் போட்டால் மூன்றடி தூரத்தில் கலங்கித் தெரியும், வண்டிக்கு மூன்று நாலு போதும். அப்புறம் கரும்பழுப்பைத் தண்ணியாகக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டு, காய்ந்ததும் வெளிர் நிறத்தை உலர்ந்த பிரஷில் தொட்டு விளிம்புகளில் மட்டும் தடவினேன். இந்த விளிம்புத் தடவலைத் தைரியமாகச் செய்ய வேண்டும். மேஜை விளக்கின் கீழே ஈ.ஆர்.ஏ. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிவது இதனால்தான்.

ராணுவ வண்டி எண்ணில் முதலில் மேல்நோக்கிய அம்பு, பிறகு ஆண்டின் இரண்டு இலக்கம், பிறகு எழுத்தும் எண்ணும். இதை லேசர் பிரின்டரில் டீக்கல் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) எடுக்க முடியாது, பிரின்டரில் வெள்ளை நிறம் கிடையாது. கறுப்புப் பட்டை அடித்து, மூன்று சைபர் பிரஷில் வெள்ளையால் கையால் எழுதினேன். அம்பு மட்டும் தெளிவாக இருந்தால் போதும், நம் ராணுவ வண்டி என்று எல்லோரும் தெரிந்துகொள்கிறார்கள்.

சேற்றுக்குப் பெயின்ட் வாங்கவில்லை. திருவாரூர்ப் பக்கத்துக் கருங்களி கொஞ்சம், வல்லம் செம்மண் கொஞ்சம், இரண்டையும் காயவைத்து இடித்து வேட்டித்துணியில் சலித்து, ஃபெவிகால் தண்ணீரில் குழைத்து டிராக்கிலும் மட்கார்டிலும் அப்பினேன். ஈரச் சேறு வேண்டிய இடத்தில் மட்டும் பளபளப்பு வார்னிஷ். நிஜ மண்ணின் நிறத்தைக் குப்பியில் வாங்கவே முடியாது.

ஆட்டத்துக்கு ரொம்பப் பயன்பட்டது ஐந்தாவதாகக் கட்டிய ஒரு சரத். இதற்குச் சக்கரமே கிடையாது, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தெரியும் பகுதி மட்டும்தான். சரத் நீந்தும் வண்டி, தண்ணீரிலும் டிராக்கைச் சுழற்றித்தான் போகும், மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில். இறங்குவதற்கு முன் மூக்கில் மடித்து வைத்திருக்கும் அலைத்தட்டைத் தூக்கி நிறுத்துவார்கள். நீந்தும் மாடலில் அந்தத் தட்டைத் தூக்கி வைத்து, சுற்றிலும் எபாக்ஸியில் நுரை வழியச் செய்தேன். வண்டி வெண்ணாற்றுக்குள் இறங்கினால் மேஜையிலிருந்து முழு வண்டியை எடுத்துவிட்டு இதை வைக்கிறோம், கரையேறினால் மறுபடி மாற்றிக்கொள்கிறோம். தண்ணீருக்கு எபாக்ஸியில் செம்பழுப்பு கலந்தேன், ஆடியில் வரும் புதுவெள்ளத்தின் நிறம் வரும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக.

அஜேயா நீந்தாது. 1.2 மீட்டர் ஆழம்வரை அப்படியே இறங்கிக் கடக்கும், மூச்சுக்குழாய் பொருத்தினால் 5 மீட்டர் ஆழத்தில் அடியிலேயே ஓடிப் போகும். ஆனால் நம் ஊர் வாய்க்காலில் ஆழத்தைவிட அடியில் இருக்கும் சேறுதான் கணக்கு. அஜேயா 41 டன், சரத் 14 டன் சொச்சம். 1965 செப்டம்பரில் பஞ்சாபில் கேம்கரண் அருகே அசல் உத்தாரில் நம்மவர்கள் வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சிவிட, பாகிஸ்தானின் பாட்டன் டாங்குகள் கரும்புக் கொல்லைச் சேற்றில் சிக்கி நின்றன. நடவு வயலில் டிராக்டரே கேஜ் வீல் போடாமல் இறங்க யோசிக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஆகவே எங்கள் மேஜையில் ஒரு விதி சேர்த்தோம்: தண்ணீர் நிற்கும் வயலில் அஜேயா நுழைந்தால் பகடை உருட்ட வேண்டும், 1, 2, 3 விழுந்தால் சிக்கியது, சரத்துக்கு 1 விழுந்தால் மட்டும். இந்த ஒரு விதி ஆட்டத்தை முழுக்க மாற்றிவிட்டது. எல்லோரும் மதகையும் பாலத்தையும் பிடிக்கத்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

வயலுக்குத் தேங்காய் நாரைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்து 4 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, குத்துக் குத்தாக நட்டேன். ஓரடி உயர நாற்று 1/72இல் அவ்வளவுதான் வரும். நடவு முடிந்த வயலைப் பார்த்து நண்பரின் அம்மா "குறுவையா, சம்பாவா?" என்று கேட்டார், சம்பா என்றேன்.

ஒரு நண்பர், தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் 222ஆவது ஸ்குவாட்ரனின் சுகோய்-30 வந்ததிலிருந்து, மேஜைக்கும் ஒரு சுகோய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நிஜத்தில் கிட்டத்தட்ட 22 மீட்டர், 1/72இல் 30 சென்டிமீட்டர். எங்கள் ஆறடி மேஜை இந்த அளவில் நிஜத் தரையில் 130 மீட்டர்தான், அதன்மேல் அந்த விமானத்தை வைத்தால் பாதி கிராமம் மறைந்துவிடும். விமானம் வந்தால் பகடையில் மட்டும் வரட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

டரட் எல்லாவற்றிலும் நியோடிமியம் காந்தம் வைத்திருக்கிறேன், சுழலும், கழன்று விழாது. அடியிலும் ஆளுக்கு இரண்டு காந்தம், பிஸ்கட் டின்னில் ஒட்டி நிற்கும், பஸ்ஸில் கொண்டுபோனாலும் உருளாது. எவர்சில்வர் டப்பா பெரும்பாலும் காந்தத்தை இழுக்காது, தகர டின்தான் வேண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். அந்துருண்டை மட்டும் கூடவே கூடாது, அதன் ஆவி கிட்டின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

அடுத்தது மோர்ட்டார் வண்டி. சரத் உடலிலேயே டரட்டை எடுத்துவிட்டு உள்ளே 81 மி.மீ. மோர்ட்டார் வைத்திருப்பார்கள். உடல் தயார், பட்டன் இன்னும் ஒரு டஜன் வாங்க வேண்டும், கூரை திறப்பு மேலேயிருந்து தெளிவாகத் தெரியும் படம் கிடைத்ததும் வெட்ட ஆரம்பித்துவிடுவேன்.